வேலையை விட்டுவிட்டு கடலில் குடித்தனம்: யூடியூப் படகு சேனல்கள் எப்படி ஓடுகின்றன? கேமராவில் வராதது என்ன?

2025 மே 24. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், வைகிகி படகுத்துறையில் பெருங்கூட்டம். மாநில ஆளுநரும் வந்திருந்தார். அத்தனை பேரும் காத்திருந்தது சினிமா நட்சத்திரத்துக்காக அல்ல. ஆலிவர் விட்ஜர் என்ற 29 வயது இளைஞருக்காகவும், ஃபீனிக்ஸ் என்ற அவருடைய பூனைக்காகவும்!

ஓரிகன் மாநிலக் கரையிலிருந்து பாய்மரப் படகில் தனியாளாகக் கிளம்பி, பசிபிக் பெருங்கடலில் சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து வந்திருந்தார் விட்ஜர். டயர் நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டார். ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்திருந்த பணத்தை எடுத்தார். 50,000 டாலருக்குப் படகு வாங்கினார். நம்ம ஊர்க் கணக்கில் 42 லட்சம் ரூபாய்க்கு மேல்.

சரி, படகு ஓட்ட எங்கே கற்றார்? பெரும்பாலும் யூடியூப் பார்த்துத்தான்!

டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் லட்சக்கணக்கானவர்கள் அவருடைய வீடியோக்களைப் பின்தொடர்ந்தார்கள். நடுக்கடலில் சுக்கான் கோளாறானபோதுதான் ரொம்பப் பயந்துபோனதாகப் பின்னர் அவரே சொன்னார்.

விட்ஜர் இந்த வரிசையில் புதியவர். வேலையை விட்டு, வீட்டை விற்று, படகிலேயே குடியிருந்து, அதை வாராவாரம் வீடியோவாகப் போடுபவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக யூடியூப்பில் இருக்கிறார்கள். உங்கள் மொபைலிலும் ஒன்றிரண்டு வந்து போயிருக்கும். நீலக் கடல், வெள்ளைப் படகு, பக்கத்தில் டால்பின்.

இவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? அந்த வாழ்க்கை உண்மையில் அவ்வளவு அழகா? வீடியோ பார்த்தே கடலில் இறங்கிவிட முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இவர்கள்?

இந்த வகை சேனல்களில் அதிகம் பேசப்படுவது 'செய்லிங் லா வாகாபாண்ட்'. நடத்துபவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரைலி வைட்லம், எலைனா கராவ்சு தம்பதி. ரைலி எண்ணெய் எடுக்கும் ரிக்குகளில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் இத்தாலியில் ஒரு படகு வாங்கினார். அப்போது அவருக்குப் பாய்மரப் படகு அனுபவம் பெரிதாகக் கிடையாது. 2014ல் வீடியோ போடத் தொடங்கினார்கள். இன்று 10 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்த சேனலைப் பின்தொடர்கிறார்கள். இரண்டு குழந்தைகளும் இந்தப் படகு வாழ்க்கைக்கு நடுவே பிறந்தவர்கள்தான்.

இவர்களுக்கும் முன்னோடி 'எஸ்வி டெலோஸ்'. மென்பொருள் துறையில் இருந்த பிரையன் டிரவுட்மேன் என்ற அமெரிக்கர், 2009ல் சியாட்டிலில் இருந்து 53 அடி படகில் கிளம்பினார். தம்பியும் வந்து சேர்ந்துகொண்டார். பெரும் பட்ஜெட் எதுவும் இல்லாமல் படகுப் பயணத்தைத் தொடராக எடுத்து, பார்வையாளர் ஆதரவிலேயே ஓட்ட முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர்கள் இவர்கள்.

'இதெல்லாம் பணக்காரர்கள் விளையாட்டு' என்று நினைப்பவர்களுக்குப் பதில், 'செய்லிங் உமா'. கட்டடக்கலை படித்த டான், கிக்கா என்ற ஜோடி, 1972ல் கட்டப்பட்ட 36 அடி படகை வெறும் 3,000 டாலருக்கு வாங்கினார்கள். இன்றைய கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். ஒரு நல்ல பைக் விலை! படகின் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பொருத்தினார்கள். அதே படகில் ஆர்க்டிக் பகுதியிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் வரை போய் வந்தார்கள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து ஏன் பார்க்கிறோம்?

இந்த சேனல்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் படகு வாங்கப் போவதில்லை. கடலே இல்லாத ஊர்களில் இருந்தும் பார்க்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் காரணம், இது ஒரு மெகா சீரியல் மாதிரி. போன வாரம் நங்கூரம் சிக்கிக்கொண்டது, இந்த வாரம் எடுத்தார்களா? இன்ஜின் ஓடியதா? குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்களே, இறங்கியதா? ஒரு கட்டத்தில் அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டுக் குடும்பம் மாதிரி ஆகிவிடுகிறது.

இரண்டாவது, இவர்கள் முதல் எபிசோடில் நம்மைப் போலவே ஒன்றும் தெரியாதவர்கள். ரிமோட்டை வைத்துக்கொண்டு சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு முடிவுதான் தூரம் என்று தோன்றும். அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாம் என்று காத்திருக்கும் கூட்டத்தில் இருந்து, ஒருவர் மட்டும் சட்டென்று இறங்கிவிட்டால் கரையில் நிற்பவர்கள் எல்லோரும் அவரைத்தானே பார்ப்பார்கள்? அதுதான் இங்கேயும் நடக்கிறது.

காசு எங்கிருந்து வருகிறது?

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது, யூடியூப் விளம்பரம். ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் இருந்தால் நீண்ட வீடியோக்களுக்கான விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க முடியும். அந்த வருமானத்தில் 55 சதவீதம் வீடியோ போடுபவருக்கு, மீதி யூடியூப்புக்கு. வீடியோ 8 நிமிடத்துக்கு மேல் இருந்தால் நடுவிலும் விளம்பரம் போடலாம். இதில் ஒரு சிக்கல், வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். படகில் ஓட்டை விழுந்த மாதமாகப் பார்த்து வியூஸும் விழலாம்!

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் இரண்டாவது வழி, பேட்ரியான். 2013ல் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில், பிடித்த சேனலுக்குப் பார்வையாளர்களே நேரடியாகப் பணம் கட்டலாம். ஒருவர் கொடுப்பது ஒரு காபி விலையாக இருக்கலாம். ஆயிரம் பேர் கொடுத்தால் அது ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம். பதிலுக்கு அவர்களுக்கு வீடியோ முன்கூட்டியே கிடைக்கும், நேரலையில் பேசலாம். சில சேனல்களில் சில நாட்கள் படகில் கூடவே வரும் வாய்ப்பும் கிடைக்கும்.

மூன்றாவது, ஸ்பான்சர். சோலார் பேனல், பாய், நங்கூரம், உப்புநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் என்று படகுக்குத் தேவையான பொருட்களை நிறுவனங்கள் இலவசமாகவோ தள்ளுபடியிலோ கொடுப்பது உண்டு. பெயர் பெற்ற சேனல் என்றால் படகு விலையிலேயே சலுகை கிடைக்கலாம். 'இந்த நங்கூரம் பிரமாதம்' என்று ஒருவர் சொல்லும்போது, அதை அவர் காசு கொடுத்து வாங்கினாரா என்பதையும் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

இவை போக டி-சர்ட், புத்தகம், ஆன்லைன் வகுப்பு. எல்லாம் சேர்த்தால் லாபகரமான தொழில் மாதிரி தெரியும். ஆனால் பெயர் தெரிந்த சேனல்கள் சிலதான். சில நூறு பேர் மட்டும் பார்க்கும் சேனல்கள் எக்கச்சக்கம். அவர்களுக்கு விளம்பரப் பணத்தில் படகின் டீசல் செலவு கழிந்தாலே பெரிய விஷயம்.

அந்த இரட்டைப் படகின் பெயர் நம்ம ஊர்ப் பெயர்!

இந்த வீடியோக்களில் 'கேட்டமரான்' என்ற வார்த்தை அடிக்கடி வரும். இரண்டு தனித்தனி அடிப்பாகங்களை மேல்தளம் ஒன்று இணைத்திருக்கும் படகு அது. பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஆமாம், நம்ம 'கட்டுமரம்'தான்!

சோழமண்டலக் கரையில் மீனவர்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டி ஓட்டியதைப் பார்த்த ஐரோப்பியர்கள் அந்தப் பெயரை எடுத்துப் போனார்கள். பின்னாளில் அது இரட்டை அடிப்பாகப் படகின் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனால் இன்றைய கேட்டமரானின் வடிவம் நம்முடையது அல்ல. பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்கள் கடல் கடக்கப் பயன்படுத்திய இரட்டைப் படகுகளின் வழி வந்தது. பெயர் தமிழ், உடம்பு பசிபிக்.

யூடியூபர்கள் இதை விரும்ப நடைமுறைக் காரணம் உண்டு. ஒற்றை அடிப்பாகம் கொண்ட படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். சமைப்பதும் தூங்குவதும் சாய்வில்தான். கேட்டமரான் அவ்வளவாகச் சாயாது. இடமும் தாராளம், வீடு மாதிரி. கேமராவுக்கும் வசதி.

விலைதான் எகிறும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. கடலில் போகும் ஒற்றைப் படகின் அடியில் கனமான எடை இருப்பதால், கவிழ்ந்தாலும் பெரும்பாலும் தானாக நிமிரும். கேட்டமரான் அவ்வளவு எளிதில் கவிழாது. ஆனால் கவிழ்ந்தால் தானாக நிமிராது.

கேமராவில் வராத பக்கம்

படகுக்காரர்கள் மத்தியில் ஒரு கிண்டல் உண்டு. உலகம் சுற்றுவது என்றால் என்ன? அழகான ஊர்களில் உட்கார்ந்து படகை ரிப்பேர் செய்வது!

கிண்டல் என்றாலும் உண்மை அதுதான். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. இரும்பு துருப்பிடிக்கும், மின்சார இணைப்பு அரிக்கும், பம்பு நிற்கும், கழிப்பறை அடைத்துக்கொள்ளும். நகரத்தில் என்றால் பிளம்பரைக் கூப்பிடலாம். நடுக்கடலில் பிளம்பரும் நீங்கள்தான், எலக்ட்ரீஷியனும் நீங்கள்தான், மெக்கானிக்கும் நீங்கள்தான்.

படகின் அடியில் பாசியும் கிளிஞ்சலும் ஒட்டினால் வேகம் குறையும். அதனால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி, சுரண்டி, புது பெயிண்ட் அடிக்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்வார்கள். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு ஆண்டும் பராமரிப்புக்கே போகும் என்பது படகு உலகத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. படகு பழசு என்றால் இந்தக் கணக்கும் எடுபடாது. வாங்கிய விலையைவிட ரிப்பேர் செலவே கூடிவிடும்.

இன்னொன்று, தூக்கம். நீண்ட பயணத்தில் படகை இருட்டில் நிறுத்தி வைக்க முடியாது. இருவர் மட்டும் இருந்தால் இரவில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்க வேண்டும். எதிரே கப்பல் வருகிறதா, காற்று மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரக்கணக்கில் முழு இரவு தூக்கம் என்பதே இருக்காது.

வேகமும் வீடியோவில் தெரிவது போல இருக்காது. நடுத்தரப் படகு ஒன்றின் சராசரி வேகம் 6 நாட். அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர், நம்ம ஊர் சைக்கிள் வேகம்! கேனரி தீவுகளில் இருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் போக சுமார் 2,700 கடல்மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். இரவு பகலாக ஓடினாலும் 18, 19 நாள் ஆகும். அதில் பெரும்பாலான நாட்களில் தண்ணீரைத் தவிர எதுவும் கண்ணில் படாது. அந்த 19 நாள்தான் எடிட் முடிந்து 20 நிமிடமாக நம் கைக்கு வருகிறது.

எல்லா சேனலும் இதை மறைப்பதில்லை. ரிப்பேரையே கதையாக்கி ஜெயித்த சேனலும் உண்டு. 'சாம்ப்சன் போட் கோ' நடத்தும் லியோ கூல்டன் என்ற பிரிட்டன் இளைஞர், 'டாலி ஹோ' என்ற மரப் படகை 2017ல் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். 1910ல் கட்டப்பட்ட படகு அது. 1927ல் நடந்த புகழ்பெற்ற ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில், கடும் புயலுக்கு நடுவே இரண்டே படகுகள்தான் கடைசிவரை ஓடின. அதில் ஜெயித்தது டாலி ஹோ. லியோ வாங்கும்போது, ஓரிகனில் ஒரு படகுத்துறையில் உடைக்கப்பட வேண்டிய நிலையில் கிடந்தது.

ஒரு பவுண்டு படகைத் தண்ணீரில் இறக்க ஆன காலம் ஏழு ஆண்டுகள். 2024ல்தான் மறுபடி மிதந்தது. அதுவரை கடல் பயணமே இல்லாத 'கடல் சேனல்'! மரம் அறுப்பது, இழைப்பது, ஆணி அடிப்பது, பட்டறையில் சுற்றும் பாஞ்சோ என்ற மக்கா கிளி, இவ்வளவுதான். ஆனாலும் பார்வையாளர்கள் விடாமல் பார்த்தார்கள், பணம் அனுப்பினார்கள், தன்னார்வலர்கள் நேரில் போய் வேலையும் செய்தார்கள். உழைப்பை உள்ளபடி காட்டினாலும் ஜனங்கள் பார்ப்பார்கள் என்பதற்கு இது சாட்சி.

கிரேட்டாவை ஏற்றிச் சென்ற படகு

இந்த சேனல்கள் பொழுதுபோக்கைத் தாண்டி உலகச் செய்தியில் இடம்பிடித்த சம்பவம் 2019ல் நடந்தது. விமானத்தில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்திருந்த பருவநிலைச் செயற்பாட்டாளர் கிரேட்டா துன்பர்க், அப்போது அமெரிக்காவில் இருந்தார். சிலியில் நடக்க வேண்டிய ஐ.நா. பருவநிலை மாநாடு திடீரென்று ஸ்பெயினின் மாட்ரிட்டுக்கு மாற்றப்பட்டது. திரும்பிப் போக வழி கேட்டு அவர் சமூக ஊடகத்தில் பதிவிட்டார். 'எங்கள் படகில் வாருங்கள்' என்று பதில் போட்டவர்கள் லா வாகாபாண்ட் தம்பதி.

நவம்பர் 13ம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்து கிளம்பிய படகு, டிசம்பர் 3ம் தேதி போர்ச்சுகலின் லிஸ்பனை அடைந்தது. படகில் கிரேட்டா, அவருடைய அப்பா, ரைலி, எலைனா, அவர்களுடைய 11 மாதக் குழந்தை ஆகியோர் இருந்தார்கள்.

ஆறாவதாக ஒருவரும் இருந்தார். நிக்கி ஹெண்டர்சன் என்ற பிரிட்டன் தொழில்முறைப் படகோட்டி. வடக்கு அட்லாண்டிக்கில் நவம்பர் என்பது புயல் காலம், சாதாரணமாக யாரும் கிளம்பாத நேரம். பல ஆண்டு கடல் அனுபவம் இருந்தும், அந்தப் பருவத்துக்குத் தங்கள் அனுபவம் மட்டும் போதாது என்று அந்தத் தம்பதி நிபுணரைக் கூப்பிட்டார்கள். தலைப்புச் செய்திகளில் கிரேட்டாதான் வந்தார். ஆனால் கடல் தெரிந்தவர்கள் கவனித்தது நிக்கியைத்தான்.

ஆபத்தான பொருள் காலண்டர்!

படகில் இருப்பதிலேயே ஆபத்தான பொருள் எது? கேஸ் சிலிண்டரா, இன்ஜினா? அனுபவசாலிகள் சொல்லும் பதில், காலண்டர். 'இந்தத் தேதிக்குள் அங்கே இருக்க வேண்டும்' என்ற கட்டாயம்தான் தவறான வானிலையில் படகைக் கிளப்ப வைக்கும் என்பது பொருள்.

பாய்மரப் படகு காற்றை நம்பி ஓடுவது. காற்றுக்குப் பருவம் உண்டு. அட்லாண்டிக்கில் சூறாவளிக் காலம் அதிகாரப்பூர்வமாக ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதனால்தான் கேனரி தீவுகளில் இருந்து கரீபியனுக்குப் போகும் படகுகள் நவம்பர் பிற்பகுதிக்குப் பிறகு, வியாபாரக் காற்று பின்னாலிருந்து தள்ளும் சமயம் பார்த்துக் கிளம்புகின்றன. கரீபியனிலேயே தங்குபவர்கள் சூறாவளிக் காலத்தில் தெற்கே கிரெனடா பக்கம் ஒதுங்குவது வழக்கம். பல காப்பீட்டு நிறுவனங்களும் அப்படி ஒதுங்கச் சொல்கின்றன.

அப்படி ஒதுங்கினாலும் உத்தரவாதம் கிடையாது. 2024 ஜூலை 1ம் தேதி 'பெரில்' சூறாவளி கிரெனடாவுக்குச் சொந்தமான காரியாகூ தீவை 4ம் வகைப் புயலாக நேரடியாகத் தாக்கியது. தீவின் வீடுகளும் மின்கம்பங்களும் சிதைந்தன. பாதுகாப்பான இடம் என்று நங்கூரமிட்டிருந்த பல படகுகளும் நொறுங்கின. அந்தப் படகுகளில் சில, சிலருக்கு ஒரே வீடு.

இப்போது யூடியூப் சேனலின் காலண்டரைப் பாருங்கள். வாரம் ஒரு வீடியோ. தேதி தவறினால் வியூஸ் குறையும். வியூஸ் குறைந்தால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் ரிப்பேர் தள்ளிப்போகும். ரிப்பேர் தள்ளிப்போனால் படகு பலவீனமாகும். கரையில் சும்மா காத்திருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள், புயலில் போனால் லட்சம் பேர் பார்ப்பார்கள் என்ற எண்ணம் தலைக்குள் வந்துவிட்டால் போச்சு. படகை ஓட்டுவது காற்றா, கேமராவா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

முன்பு இதற்கு ஒரு தடுப்பு இருந்தது. நடுக்கடலில் இன்டர்நெட் கிடையாது. எடுத்த காட்சிகளை எல்லாம் கரை வந்து, வைஃபை தேடி, மெதுவாக எடிட் செய்து போடுவார்கள். நாம் பார்க்கும் எபிசோடு வாரங்கள், சில சமயம் மாதங்கள் பழசாக இருக்கும். 2022ல் படகுகளுக்கான ஸ்டார்லிங்க் சேவை அறிமுகமானபோது கட்டணம் மாதம் 5,000 டாலர். பிறகு விலை குறைந்த திட்டங்கள் வர, சிறிய படகுகளிலும் அந்த ஆண்டெனா ஏறிவிட்டது. இன்று கடலுக்கு நடுவிலிருந்தே வீடியோ போடலாம்.

இதில் நல்லதும் உண்டு. வானிலை எச்சரிக்கை உடனுக்குடன் கிடைக்கிறது, மருத்துவரிடம் பேசலாம். ஆனால் லட்சம் பேர் 'எப்போது கரை சேருவீர்கள்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது, 'வேண்டாம், திரும்பிவிடலாம்' என்று முடிவெடுப்பது முன்பைவிடக் கஷ்டமாகவும் இருக்கிறது.

கடல்வாசிகளின் ஆபத்துப் பட்டியலில் புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கடற்பகுதியில் ஓர்கா திமிங்கலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானைக் குறிவைத்து முட்டி உடைக்கின்றன. சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. ஏன் அப்படிச் செய்கின்றன என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியுமா?

கொஞ்சம் முடியும். முடிச்சு போடுவது, வானிலை வரைபடம் படிப்பது, இன்ஜின் ஃபில்டர் மாற்றுவது போன்றவற்றை வீடியோ நன்றாகவே சொல்லித் தருகிறது. ஆனால் 40 மணி நேரம் தூங்காமல், வாந்தி எடுத்துக்கொண்டே, இருட்டில், ஆடும் தளத்தில் கிழிந்த பாயைக் கீழே இறக்குவதை எந்த வீடியோவும் உடம்புக்குப் பழக்கித் தராது.

அனுபவம் உள்ளவர்களையே கடல் எப்படிச் சோதிக்கும் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் அபிலாஷ் டோமி. எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல், தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர், முன்னாள் கடற்படை அதிகாரி. 2018ல் கோல்டன் குளோப் பந்தயத்தின்போது தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் அவருடைய படகின் பாய்மரம் உடைந்தது, முதுகெலும்பில் பலத்த காயம். எழுந்து நிற்க முடியாமல் கிடந்தவரை, மூன்று நாட்களுக்குப் பிறகுதான் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. கரையிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு ஹெலிகாப்டர் வர முடியாது. பக்கத்தில் எந்தக் கப்பல் இருக்கிறதோ அது வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து அதே பந்தயத்துக்குத் திரும்பிய டோமி, 2023ல் இரண்டாவது இடம் பிடித்தார்.

இன்னொரு உதாரணம். விட்ஜர் ஹவாய் சேர்ந்த ஐந்தாவது நாள், 2025 மே 29ம் தேதி, கோவாவுக்கு ஒரு படகு திரும்பி வந்தது. இந்தியக் கடற்படையின் 'தாரிணி'. அதில் இருந்தவர்கள் இருவர்தான். கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. 2024 அக்டோபர் 2ம் தேதி கிளம்பி, எட்டு மாதங்களில் உலகையே சுற்றி வந்திருந்தார்கள். அதற்கு முன் அவர்கள் எடுத்த பயிற்சி பல ஆண்டுகள், பயிற்சிக்காக மட்டும் ஓட்டியது ஆயிரக்கணக்கான கடல்மைல்கள்.

விட்ஜரின் துணிச்சல் பொய் அல்ல. ஆனால் அவர் கரை சேர்ந்ததால் அந்த வீடியோ நம் கைக்கு வந்தது. பாதியில் படகை விற்றவர்கள், கடனில் மாட்டியவர்கள், கிளம்பும் முன்பே கைவிட்டவர்கள் பெரும்பாலும் சேனல் நடத்துவதில்லை. ஜெயித்தவர்களின் எபிசோடுகளை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

படகு சேனல் பார்க்கும்போது இதையும் கவனியுங்கள்

* வீடியோ எப்போது எடுக்கப்பட்டது? இன்று பார்ப்பது பல வாரங்கள் முன்பு நடந்ததாக இருக்கலாம்.

* படகின் விலையைச் சொல்பவர்கள், அதற்குப் பிறகு ஆன ரிப்பேர், காப்பீடு, படகுத்துறை வாடகை, விசா செலவு ஆகியவற்றையும் சொல்கிறார்களா?

* பாராட்டப்படும் பொருள் சொந்தக் காசில் வாங்கியதா, ஸ்பான்சர் கொடுத்ததா?

* அவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறதா? ஊரில் வாடகைக்கு விட்ட வீடு, சேமிப்பு, படகிலிருந்தே பார்க்கும் கம்ப்யூட்டர் வேலை என்று பலருக்கும் ஏதோ ஒன்று இருக்கும்.

* பயமுறுத்தும் தம்ப்நெயில் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். 'படகு மூழ்குகிறது' என்ற தலைப்புக்குள், பல சமயம் ஒரு குழாயில் தண்ணீர் ஒழுகும் கதைதான் இருக்கும்.

* ஆசை நிஜமாகவே வந்துவிட்டதா? படகு வாங்குவதற்கு முன் வகுப்பில் சேருங்கள். சென்னையில் 1911ல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான சென்னையின் நேத்ரா குமணன், ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாமில் சின்னப் படகில் ஏறித்தான் தொடங்கினார்.

கடைசியாக ஒன்று

பிடித்த சேனலில் படகு கிளம்பவே இல்லை, மூன்று எபிசோடாகத் துறைமுகத்திலேயே நிற்கிறது என்றால் சலித்துக்கொள்ளத்தான் தோன்றும். 'இன்னும் ஏன் கிளம்பவில்லை?' என்று கமென்ட் போடவும் கை பரபரக்கும். போடாதீர்கள். அந்த நெருக்கடி அவர்களைத் தவறான நாளில் கடலில் இறக்கிவிடக்கூடும்.

'காற்று சரியில்லை, அதனால் இந்த வாரம் வீடியோ இல்லை' என்று ஒரு சேனல் அறிவித்தால், தைரியமாகச் சந்தா கட்டலாம். கடலைப் புரிந்தவர்கள் நடத்தும் சேனல் அதுதான்.